சிக்னல் வீக்கா? முதலில் அளந்து பாருங்கள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தரப்படுகிறது. கம்ப்யூட்டர் கட்டளைகள் மேடையில் உச்சரித்தபடியே தமிழில் எழுதப்பட்டுள்ளன.)



பெரியவர்கள் பலர் வாழ்க்கைக்கு வழிகாட்டும் வகையில் பேசிவிட்டார்கள். நான் அவ்வளவு உயரத்துக்குப் போகப் போவதில்லை. லினக்ஸ் போட்ட லாப்டாப்பில் வைஃபை சிக்னல் வீக்காக இருந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "இதெல்லாம் ஒரு பேச்சா?" என்று பின்வரிசை அண்ணன் ஒருவர் சிரிப்பது தெரிகிறது. இருபது நிமிடம் பொறுங்கள், ஸார். இது உங்கள் வீட்டு அலமாரியையும் தொடுகிற விஷயம்.

விண்டோஸ் 10-க்கு இருந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற மறுக்கிற, ஆனால் மற்றபடி திடமாக ஓடுகிற லாப்டாப்புகள் நம்மில் பலர் வீட்டில் சும்மா கிடக்கின்றன. அவற்றை வாங்கி, லினக்ஸ் போட்டு, தேவைப்படும் மாணவர்களுக்குக் கொடுக்கிறோம். நல்ல காரியம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லாப்டாப் திட்டத்திலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்துதான் வந்தது.

ஆனால் கொடுத்த லாப்டாப்புகளில் சில இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிடுகின்றன. காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: "அண்ணா, சிக்னல் வீக்." அந்த இரண்டு வார்த்தையில் ஒரு நல்ல மெஷின் மறுபடி அலமாரிக்குப் போகிறது. ஒரு மாணவர் மறுபடி போனின் சின்னத் திரையில் பாடம் பார்க்கப் போகிறார். வேலைவாய்ப்புத் தேர்வின் முதல் சுற்று முழுவதும் ஆன்லைனில் நடக்கிற இந்தக் காலத்தில், நடுவில் இரண்டு முறை லைன் அறுந்தால் அந்தப் பிள்ளையின் நிலைமையை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

என் கட்சி இதுதான். "சிக்னல் வீக்" என்பது நோயின் பெயர் அல்ல. அது வெறும் புகார். டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்வது மாதிரி. அந்தப் புகாருக்குள்ளே குறைந்தது நாலு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். அறையில் சிக்னலே குறைவாக இருக்கலாம். சிக்னல் இருந்தும் கூட்டம் அதிகமாக இருக்கலாம். லாப்டாப்பின் ஆன்டெனாவில் கோளாறு இருக்கலாம். டிரைவர் போன்ற சாஃப்ட்வேர் சமாச்சாரமாகவும் இருக்கலாம். எது என்று பிரித்துவிட்டால் பெரும்பாலும் காசு செலவே ஆகாது. பிரிக்காமல் கை வைத்தால் புது போர்டு வாங்கினாலும் தீராது.

முதல் கேள்வி: வைஃபைதான் காரணமா?

பக்கம் திறக்கவில்லை என்றவுடன் வைஃபைமேல் பழி போடுகிறோம். ஆனால் உங்கள் லாப்டாப்பில் இருந்து வெளியுலகம் வரை போகிற வழியில் வைஃபை என்பது முதல் இருபது, முப்பது அடி மட்டுமே. அந்த முப்பது அடி சரியாக இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

டெர்மினலைத் திறந்து "ஐ.பி. ரூட்" என்று அடியுங்கள். "டீஃபால்ட்" என்று தொடங்கும் வரியில் ஒரு முகவரி வரும். வீடுகளில் அது பெரும்பாலும் 192.168.1.1 மாதிரி இருக்கும். அதுதான் உங்கள் கேட்வே. அந்த முகவரிக்கு ஒரு நிமிடம் "பிங்" ஓட விடுங்கள். பதில் ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று மில்லி செகண்டில், ஒன்றுகூடத் தவறாமல் வருகிறதா? அப்படியென்றால் உங்கள் வைஃபை நன்றாக இருக்கிறது. கோளாறு அதற்கு அப்பால், ரவுட்டருக்கு வெளியே இருக்கிறது. லாப்டாப்பைத் தொடாதீர்கள். பத்தில் இரண்டு காணாமல் போகிறது, அல்லது நேரம் 3, 40, 300 என்று தாவுகிறது என்றால் மட்டும் மேலே போவோம். சில இடங்களில் கேட்வே பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அடைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் இந்தப் படியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

திரையின் மூலையில் தெரிகிற நாலு கோடு இருக்கிறதே, அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பது அந்தந்த சாஃப்ட்வேர் எழுதியவர் இஷ்டம். போனில் மூன்று கோடும் லாப்டாப்பில் இரண்டு கோடும் தெரிந்தால் போன் ஒசத்தி என்று அர்த்தமில்லை.

எண்ணைப் பார்க்க "ஐ.டபிள்யூ." என்றொரு கட்டளை இருக்கிறது. முதலில் "ஐ.டபிள்யூ. டெவ்" என்று அடித்தால் உங்கள் வைஃபை கார்டுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயர் தெரியும். பிறகு "ஐ.டபிள்யூ. டெவ்", அந்தப் பெயர், "லிங்க்" என்று அடியுங்கள். "சிக்னல்: மைனஸ் 61 டி.பி.எம்." என்கிற மாதிரி ஒரு வரி வரும். அந்த எண்தான் நமக்கு வேண்டியது.

டி.பி.எம். என்றால் ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்கிற டெசிபெல் கணக்கு. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். ஒவ்வொரு 10 இறங்கும்போதும் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. ஒவ்வொரு 3 இறங்கும்போதும் ஏறக்குறையப் பாதியாகிறது. ஆக மைனஸ் 50 என்றால் ஒரு மில்லிவாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. மைனஸ் 70 என்றால் கோடியில் ஒரு பங்கு. கோடியில் ஒரு பங்கை வைத்துக்கொண்டுதான் அந்தச் சின்னக் கார்டு உங்களுக்கு சினிமாவே காட்டுகிறது. அதை "வீக்" என்று திட்டுவதற்கு முன் கொஞ்சம் மரியாதையும் கொடுங்கள்.

நடைமுறையில் இப்படி வைத்துக் கொள்ளலாம். மைனஸ் 30 என்றால் ரவுட்டரின் மடியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மைனஸ் 50 பிரமாதம். மைனஸ் 67-க்குக் குறையாமல் இருந்தால் வீடியோவில் பேசலாம், ஆன்லைன் தேர்வும் எழுதலாம். மைனஸ் 75-இல் பக்கங்கள் திறக்கும், வீடியோ திணறும். மைனஸ் 80-க்குக் கீழே போனால் இணைப்பு வரும், நிலைக்காது. மைனஸ் 90 கிட்டத்தட்ட இரைச்சலோடு கலந்துவிட்ட நிலை. மைனஸ் இருப்பதால் எண் பெரிதானால் சிக்னல் சிறிது என்பதை மறக்க வேண்டாம். முதல் வருடப் பிள்ளைகள் இதில்தான் குழம்புகிறார்கள்.

அதே இடத்தில் இன்னொரு கருவி

லாப்டாப்பில் மைனஸ் 78 வருகிறது. சரி, இது அறையின் குறையா, லாப்டாப்பின் குறையா? இதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி, அதே மேஜையில், அதே இடத்தில், ஒரு ஆண்ட்ராய்டு போனை வைத்து அளப்பது. சிக்னலை டி.பி.எம். எண்ணாகக் காட்டும் இலவச ஆப்கள் இருக்கின்றன.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே ரவுட்டரோடு, ஒரே அலைவரிசையில் இருக்க வேண்டும். போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் லாப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் இருந்தால் அது ஒப்பீடே அல்ல. ஐந்து, ஆறு டெசிபெல் வித்தியாசத்தையும் கண்டுகொள்ள வேண்டாம். கருவிக்குக் கருவி அவ்வளவு மாறும். போனும் மைனஸ் 76 காட்டினால் குறை அறையில். போன் மைனஸ் 52 காட்டி லாப்டாப் மட்டும் மைனஸ் 78 காட்டினால் குறை லாப்டாப்பில். இந்த ஒரு சோதனை செய்ய ஐந்து நிமிடம் ஆகும். பாதிப் பிரச்சினையை இது பிரித்துக் கொடுத்துவிடும்.

குறை அறையில் என்றால்

நம் பழைய கட்டடங்களின் சுவரெல்லாம் கனமான செங்கல். அறைக்கு அறை இரும்பு பீரோ வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்று சேரும். அரை சாண் தள்ளி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதனால்தான் லாப்டாப்பை ஒரு சாண் நகர்த்தினால் பத்து டெசிபெல் கூடக் கிடைப்பதுண்டு. பரீட்சைக்கு உட்காரும் முன்பு மேஜையில் நாலு இடத்தில் வைத்து எண்ணைப் பாருங்கள். காசில்லாத வைத்தியம்.

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, கூட்டமும் குறைவு. ஆனால் ஒரே தூரத்தில் 2.4-ஐவிட ஏழு டெசிபெல் அளவுக்குக் குறைவாகவே வந்து சேரும்; சுவரைத் தாண்டினால் இன்னும் இளைத்துவிடும். ரவுட்டர் அதே அறையில் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ். இரண்டு சுவர் தள்ளி என்றால் 2.4 என்று வைத்துக் கொள்ளலாம்.

சிக்னல் மைனஸ் 55 என்று நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் மாட்டு வண்டி மாதிரி நகர்கிறது என்கிற புகாரும் உண்டு. இது வீக் அல்ல, நெரிசல். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நாற்பது பேருக்கு ஒரே மைக் என்றால் எப்படி இருக்கும்? 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். ஹாஸ்டலில் அறைக்கு ஒரு போன் ஹாட்ஸ்பாட் போட்டால் அந்த மூன்றும் சந்தைக் கடையாகிவிடும். "என்.எம்.சி.எல்.ஐ. டெவ் வைஃபை லிஸ்ட்" என்று அடித்தால் சுற்றியிருக்கும் வைஃபைகளும் அவை எந்தச் சேனலில் இருக்கின்றன என்பதும் வரிசையாக வரும். "ஐ.டபிள்யூ. டெவ்", கார்டின் பெயர், "ஸ்டேஷன் டம்ப்" என்று அடித்தால் "டி.எக்ஸ். ரீட்ரைஸ்" என்று ஒரு எண் தெரியும். அனுப்பியது போய்ச் சேராமல் மறுபடி எத்தனை முறை அனுப்பினோம் என்கிற கணக்கு அது. சிக்னல் நன்றாக இருந்து இந்த எண் மட்டும் மளமளவென்று ஏறினால் நெரிசல் அல்லது குறுக்கீடு என்று எண்ணலாம்.

குறுக்கீடு என்றதும் மைக்ரோவேவ் அடுப்பைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது, உண்மைதான். ஆனால் அதைவிடப் பக்கத்தில் ஒரு எதிரி இருக்கிறான். யு.எஸ்.பி. 3.0 வழியாக மாட்டும் வெளி ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், அவற்றின் மட்டமான கேபிள்! இவை 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசிய விடும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அல்லது ஆன்டெனாவிலிருந்து தள்ளி, மறுபக்கத் துளையில் மாட்டிப் பாருங்கள்.

குறை லாப்டாப்பில் என்றால்

லாப்டாப்பின் வைஃபை ஆன்டெனா எங்கே இருக்கிறது தெரியுமா? பெரும்பாலான மாடல்களில் திரையைச் சுற்றி, மூடிக்குள்ளே இருக்கிறது. அங்கிருந்து நூல் மாதிரி இரண்டு வயர், ஒன்று கறுப்பு, மற்றொன்று பெரும்பாலும் வெள்ளை அல்லது சாம்பல், கீல் வழியாக இறங்கி உள்ளே இருக்கும் வைஃபை கார்டில் மாட்டப்பட்டிருக்கும். அந்த மாட்டி ஒரு மிளகு அளவுகூட இருக்காது. ரேம் மாற்றினாலும், எஸ்.எஸ்.டி. போட்டாலும், திரை மாற்றினாலும், கைபட்டு அது கழன்றுவிட வாய்ப்பு உண்டு. கழன்றாலும் வைஃபை அடியோடு நின்றுவிடாது. பக்கத்தில் இருக்கும் ரவுட்டரை எப்படியோ பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவருக்குப் போன லாப்டாப்பில் இதுதான் நடந்தது. ஆன்லைன் தேர்வில் இரண்டு முறை லைன் அறுந்தது. கடையில் காட்டியிருக்கிறார். "லினக்ஸ் போட்டா இப்படித்தாம்மா. விண்டோஸ் போடணும், இல்லேன்னா போர்டு மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். போர்டு விலையைக் கேட்டு அந்தப் பெண் லாப்டாப்பை மூடியே வைத்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே பழி விழுந்தது லினக்ஸின் தலையில்.

நாங்கள் உட்கார்ந்து அளந்தோம். அதே மேஜையில் போன் மைனஸ் 52, லாப்டாப் மைனஸ் 79. போனில் பதினாலு வைஃபை தெரிந்தது, லாப்டாப்பில் இரண்டு. பிறகு ஸ்டேஷன் டம்ப் பார்த்தோம். இரண்டு ஆன்டெனா உள்ள கார்டுகளில், சிக்னல் எண்ணுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தனித்தனி எண்ணைச் சில டிரைவர்கள் கொடுக்கும். இரண்டும் ஐந்தாறு டெசிபெல் வித்தியாசத்துக்குள் இருந்தால் சரி. இதில் ஒன்று மைனஸ் 80, மற்றொன்று மைனஸ் 92. பேட்டரியைத் துண்டித்துவிட்டு அடி மூடியைத் திறந்தோம். ஒரு வயர் முழுக்கக் கழன்று கிடந்தது. மற்றொன்று சாய்ந்து பாதிதான் உட்கார்ந்திருந்தது. மாணவருக்குக் கொடுப்பதற்கு முன்பு எஸ்.எஸ்.டி. போட்டபோது நேர்ந்தது. நேராக வைத்து விரல் நுனியால் அழுத்தினோம். "டக்" என்றது. மைனஸ் 54. மொத்தம் பத்து நிமிட வேலை, செலவு ஒன்றுமில்லை. அடுத்த கம்பெனித் தேர்வை அந்தப் பெண் அதே லாப்டாப்பில் லைன் அறாமல் எழுதி முடித்தார்.

வயர் சரியாக மாட்டியிருந்தும் இதே அறிகுறி வருகிற ஒரு வகை உண்டு. ரியல்டெக்கின் ஆர்.டி.எல்.8723பி.இ. என்கிற சில்லு உள்ள சில லாப்டாப்புகளில் கார்டில் இரண்டு மாட்டிகள் இருக்கும். செலவைக் குறைக்க ஒன்றில் மட்டும் வயர் போட்டிருப்பார்கள். எந்த மாட்டியில் வயர் என்கிற குறிப்பு கார்டுக்குள்ளே தவறாகப் பதிவாகியிருக்கும். டிரைவர் அந்தக் குறிப்பை நம்பி, வயரே இல்லாத மாட்டியில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்! ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் சிக்னல் வராது. இதற்கு டிரைவரிலேயே "ஆன்ட் செல்" என்று ஒரு விருப்பம் இருக்கிறது, இரண்டு சொல்லுக்கும் நடுவில் அடிக்கோடு. அதற்கு 1 அல்லது 2 என்று கொடுத்து, மோட்புரோப் டி என்கிற அடைவில் ஒரு வரி எழுதி வைத்தால் டிரைவர் சரியான மாட்டிக்கு மாறிவிடும். எந்த எண் என்பதை இரண்டையும் போட்டு அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்க வேண்டும். லாரி ஃபிங்கர் என்ற அமெரிக்கர். இந்த ரியல்டெக் டிரைவர்களையும், அதற்கு முன் பிராட்காம் கார்டுகளுக்கான டிரைவரையும் பல ஆண்டுகள் பராமரித்தவர்களில் ஒருவர். ஏறக்குறைய இருபது ஆண்டுகள், எண்பது வயதைத் தாண்டியும், தன்னார்வமாகச் செய்தார். 2024 ஜூனில் காலமானார். கம்பெனிகளே மறந்துவிட்ட மலிவு விலைக் கார்டுகள் இன்றும் லினக்ஸில் ஓடுகின்றன என்றால், நம் பிள்ளைகளின் கையில் உள்ள பழைய லாப்டாப்பும் அதில் ஒன்று என்றால், அந்தப் பெரியவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

சாஃப்ட்வேர் சமாச்சாரங்கள்

ஆன்டெனா சரி, அறையும் சரி என்றான பிறகுதான் சாஃப்ட்வேருக்கு வர வேண்டும். நம் ஆட்கள் நேர் எதிராகச் செய்வார்கள். முதல் நாளே எங்கிருந்தோ நாலு கட்டளையை எடுத்து ஒன்றாக ஒட்டிவிடுவார்கள். சரியானால் எதனால் என்று தெரியாது. கெட்டாலும் எதனால் என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியபின் அளக்க வேண்டும். பலனில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். லேபில் ரெக்கார்டு நோட்டு எழுதச் சொன்னது இதற்குத்தான்.

பார்க்க வேண்டியவை நாலு.

ஒன்று, ஃபர்ம்வேர். வைஃபை கார்டுக்குள் ஓட வேண்டிய ஒரு சிறு புரோகிராம் அது. லாப்டாப் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் லினக்ஸ்தான் அதைக் கார்டில் ஏற்றுகிறது. "எல்.எஸ்.பி.சி.ஐ." கட்டளையில் கார்டின் பெயரும் எந்த டிரைவர் ஓடுகிறது என்பதும் தெரியும். "டிமெசேஜ்" எனப்படும் கெர்னல் செய்திகளில் ஃபர்ம்வேர் ஏறவில்லை என்று புகார் இருக்கிறதா பாருங்கள். டெபியன் லினக்ஸின் நிறுவு வட்டிலேயே இவ்வகை ஃபர்ம்வேர் சேர்ந்து வரத் தொடங்கியது 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில் இருந்துதான். அதற்கு முந்தைய பதிப்பைப் போட்டு வைத்திருந்தால் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு, மின்சிக்கனம். பேட்டரியை மிச்சப்படுத்த கார்டு நடுநடுவே குட்டித் தூக்கம் போடும். சில கார்டுகள் எழுந்திருக்கத் தாமதம் செய்யும். சிக்னல் எண் நன்றாக இருந்து, பிங் மட்டும் 3-இல் இருந்து 200-க்குத் தாவினால் இதைச் சந்தேகிக்கலாம். "ஐ.டபிள்யூ. டெவ்", கார்டின் பெயர், "செட் பவர் சேவ் ஆஃப்", இங்கும் பவர், சேவ் இரண்டுக்கும் நடுவில் அடிக்கோடு. மெஷினை மறுபடி துவக்கினால் இது போய்விடும் என்பதால் சோதனைக்கு நல்லது. பலன் தெரிந்தால் நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் "வைஃபை டாட் பவர்சேவ்" என்பதை 2 என்று நிரந்தரமாக எழுதலாம். உபுண்டுவில் அது 3 என்று, அதாவது தூக்கம் உண்டு என்று, எழுதப்பட்டிருக்கும்.

மூன்று, நாடு. எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005-இலும், 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018-இலும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. "ஐ.டபிள்யூ. ரெக் கெட்" என்று அடித்தால் "கன்ட்ரி 00" என்று வருகிறதா? எந்த நாடென்று தெரியாமல் லினக்ஸ் ஜாக்கிரதையாக நடந்துகொள்கிறது என்று அர்த்தம். 12, 13-ஆம் சேனல்களிலும் 5 கிகாஹெர்ட்ஸிலும் தானாகக் குரல் கொடுக்காமல் காது மட்டும் கொடுத்துக் கேட்கும். அதனால் சில வைஃபைகள் தாமதமாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. "ஐ.டபிள்யூ. ரெக் செட்" என்று இந்தியாவின் இரண்டெழுத்துக் குறியைக் கொடுத்தால் தீரும். சில இன்டெல் கார்டுகள் நாட்டைத் தாமே முடிவு செய்துகொள்ளும். இந்தக் கட்டளைக்கு அசையாது.

சக்தி கூடும் என்று வேறு நாட்டின் குறியைப் போடச் சொல்லும் புத்திசாலிகளும் உண்டு. செய்யாதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது, பிரயோஜனமும் இல்லை. நீங்கள் உரக்கக் கத்துவதால் ரவுட்டர் சொல்வது உங்கள் காதில் கூடுதலாக விழப் போவதில்லை.

நான்கு, பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும் குணம். கீழ்த் தளத்தில் இணைந்த லாப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேல் தளத்துக்கு வந்த பிறகும் அது கீழ்த் தள ரவுட்டரையே மைனஸ் 80-இல் பிடித்துக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே வேறொன்று மைனஸ் 50-இல் காத்திருக்கும். வைஃபையை அணைத்துப் போட்டாலே போதும், பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சாஃப்ட்வேரா, ஹார்ட்வேரா என்று சந்தேகம் தீரவில்லை என்றால், வேறொரு புதிய லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் அதிலிருந்து துவக்கி அதே மேஜையில் அளந்து பாருங்கள். எண் அப்படியே இருந்தால் ஹார்ட்வேர், ஏறினால் சாஃப்ட்வேர்.

கடைசியில்தான் கடை

உள்ளே இருக்கும் கார்டு நிஜமாகவே பழுது என்றால் அப்போது யு.எஸ்.பி. வைஃபை டாங்கிள் வாங்கலாம். ஆனால் பெட்டியில் "லினக்ஸ்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். டிரைவர் கெர்னலிலேயே சேர்ந்து வரும் சில்லாகப் பார்த்து வாங்குங்கள். உதாரணமாக மீடியாடெக் எம்.டி.7612யு சில்லுக்கு 2018 அக்டோபரில் வந்த 4.19 கெர்னல் முதல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது, மாட்டினால் ஓடும். தனியாக டிரைவர் கோப்பு தருகிற டாங்கிள் அடுத்த கெர்னல் மாற்றத்தில் காலை வாரிவிடக்கூடும். நேராகச் சொருகாமல் ஒரு முழ நீளக் கேபிளில் தொங்க விட்டால், லாப்டாப்பின் இரைச்சலில் இருந்தும் தள்ளி இருக்கும், நல்ல இடம் பார்த்து வைக்கவும் முடியும்.

முடிவாக இரண்டு கோரிக்கைகள்.

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்: லாப்டாப்பைக் கொடுக்கும் முன், ரவுட்டரில் இருந்து பத்தடி தள்ளி வைத்து எண்ணைப் பாருங்கள். மைனஸ் 60-ஐவிட மோசமாக இருந்தால் அடி மூடியைத் திறந்து அந்த இரண்டு வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். அளந்த எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டிக் கொடுங்கள். வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு, "இது நல்ல நிலையில் இருந்தபோது எவ்வளவு" என்று தெரியும். பின்னால் குறைந்தால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரியும்.

தம்பி தங்கைகளுக்கு: ஹாஸ்டலின் ஒவ்வொரு தளத்தையும், லைப்ரரியையும், ஒரே லாப்டாப்பை வைத்து அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. "சிக்னல் வீக், ஸார்" என்று நிர்வாகத்திடம் போனால் "பார்க்கலாம்" என்பார்கள். "இரண்டாம் தளத்தின் கிழக்குக் கோடியில் ஆறு அறைகளில் மைனஸ் 82" என்று தாளோடு போய் நில்லுங்கள். பேச்சே வேறாக இருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்கள்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, சிவில் பிள்ளைகளும் செய்யலாம். சுவரைப் பற்றி அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.